குத்தூசி படும் இடம்

(உலக எய்ட்ஸ் தினத்தையொட்டித் திருவனந்தபுரம் ஆரியசாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1986-ம் ஆண்டில் நடந்த இரண்டு காரியங்களிலிருந்து தொடங்குகிறேன். முதலாவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் வைரஸ் இங்கேயும் வந்துவிட்டதா என்று பார்க்கும் வேலையைத் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வேட்டுக்காகக் கொடுத்தார். அது மேல்நாட்டு நோய், நமக்கு வராது என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப்போய் ரத்தம் எடுத்தார். மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோனார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த பரிசோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. மே மாதம் தமிழகச் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அதை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி.யின் கதை அங்கே தொடங்குகிறது.

இரண்டாவது காரியம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. செய்தித்தாளில் அவ்வளவாக வரவில்லை. ஜே லீவி என்ற வைரஸ் அறிஞரிடம், தொற்று இருந்தும் நன்றாக இருந்த சில ஆண்களின் ரத்தம் இருந்தது. அதிலிருந்து வைரஸை வளர்க்கப் பார்த்தால் வளரவில்லை. அந்த ரத்தத்திலிருந்து ஒரு வகை வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து எடுத்தபோது வைரஸ் தலைகாட்டியது. எடுத்ததைத் திரும்பச் சேர்த்தார்கள், வைரஸ் மறுபடி அடங்கியது. பிரித்தெடுக்கப்பட்டவை சி.டி.8 என்று அடையாளமிட்ட டி செல்கள்.

நாற்பது ஆண்டுகளாக முதல் செய்தியைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்று இரண்டாவதைப் பேச உத்தேசம்.

தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்றும் இங்கே கேரளத்தில் ஜோதிஸ் என்றும் பலகை மாட்டிய இடங்களில் பரிசோதனை நடக்கிறது. தொற்று உறுதியானால் மருந்து தரும் ஏ.ஆர்.டி. சென்டர், இங்கே அதற்கு உஷஸ் என்று பெயர். அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி, “சி.டி.4 எத்தனை?” என்பது. எண்ணூறு என்றால் முகம் மலரும். நூற்றைம்பது என்றால் குரல் இறங்கும். எத்தனை மார்க் என்று பிள்ளைகளைக் கேட்கிற தொனிதான். அந்த எண்ணை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருக்க வேண்டிய சி.டி.4 டி செல்கள் 200-க்குக் கீழே போனால் காசநோயும் பூஞ்சைத் தொற்றுகளும் உள்ளே வந்துவிடும். ஆனால் அந்த எண் சொல்வது இழப்பின் கணக்கு, என்ன மிச்சம் என்ற கணக்கு. வைரஸை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள், எங்கே பிடித்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. சி.டி.8 எத்தனை என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அங்கே எண்ணிக்கை விஷயமே இல்லை. என் பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான்.

நோய் எதிர்ப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் படை, தளபதி, போர்க்களம் என்று இறங்கிவிடுவார்கள். எனக்கு அதில் அலுப்பு. ஆரியசாலையில் நின்று பேசும்போது வேறு உவமை கிடைக்கிறது. பக்கத்துச் சாலைக் கடைத்தெருவில், ஆ. மாதவன் கடை வைத்துக்கொண்டே கதை எழுதிய அதே தெருவில், அரிசி மூட்டையை அவிழ்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்க்கிறார்கள்? குத்தூசியை ஒரு குத்துக் குத்தி எடுத்தால் உள்ளங்கையில் ஒரு பிடி மணி வந்து விழும். வியாபாரி அதைப் பார்த்து மூட்டையின் யோக்கியதையைச் சொல்லிவிடுவார். நம் உடலிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. ஒரே வித்தியாசம், உடலில் மூட்டையே தன் மாதிரியை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் உற்பத்தியாகும் புரதங்களில் சிலவற்றை எட்டு, ஒன்பது அமினோ அமிலங்கள் நீளமுள்ள துணுக்குகளாக நறுக்கி, எச்.எல்.ஏ. என்னும் தாங்கியில் பொருத்தி வெளிப்புறத்தில் காட்டுகிறது. சி.டி.8 டி செல் சுற்றி வந்து அதைப் பார்க்கிறது. சொந்தச் சரக்கு என்றால் போய்விடும். வைரஸின் துணுக்கு என்றால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும்: பெர்ஃபோரின் என்ற புரதம் செல்லின் சவ்வைத் துளைக்கும், கிரான்சைம்கள் உள்ளே போய்ச் செல்லைத் தானே சாக வைக்கும். பீட்டர் டோஹர்ட்டியும் ரால்ஃப் ஸிங்கர்நாகலும் 1974-ல் கான்பெராவில் கண்டறிந்த இந்த ஏற்பாட்டுக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடிகளால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அவை செல்லுக்கு வெளியே இருப்பதை மட்டுமே பார்க்கும்.

சி.டி.4 அணுக்களுக்கு இதில் வேறு வேலை. அவை பெரும்பாலும் தாமே கொல்வதில்லை; கொல்கிறவற்றுக்குத் தூண்டுதலும் நீண்ட நாள் நினைவும் தருகின்றன. எச்.ஐ.வி.யின் விபரீதம் என்னவென்றால், எத்தனையோ வகைச் செல்கள் இருக்க, அது நுழைய வாசலாக எடுத்துக்கொண்டது சி.டி.4 என்ற அந்தப் புரதத்தையே. கூடவே சி.சி.ஆர்.5 என்ற இன்னொரு புரதமும் பெரும்பாலும் வேண்டும். தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சி.டி.4 நினைவு அணுக்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. ஆள் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் போட்டுக்கொண்டிருப்பார்.

அந்த முதல் வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் எக்கச்சக்கமாக ஏறும், பிறகு தானாக இறங்கும். மருந்து எதுவும் எடுக்காமலே இறங்கும். ஏன்? 1994-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைக் கவனித்தன. வைரஸைச் செயலிழக்க வைக்கும் ஆன்டிபாடிகள் உருவாவதற்கு முன்பே அது இறங்கத் தொடங்கிவிடுகிறது, சி.டி.8 அணுக்கள் எழும் நேரமும் வைரஸ் இறங்கும் நேரமும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போவது நிரூபணம் ஆகாது என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். 1999-ல் குரங்குகளிடம் பதில் கிடைத்தது. ரீசஸ் குரங்குகளுக்கு எஸ்.ஐ.வி. என்ற உறவுக்கார வைரஸைக் கொடுத்து, பிறகு அவற்றின் சி.டி.8 அணுக்களை மட்டும் ஓர் ஆன்டிபாடி மூலம் நீக்கினார்கள். வைரஸ் கிடுகிடுவென ஏறியது. அணுக்கள் திரும்பி வந்தபோது இறங்கியது. லீவி கண்ணாடிக் கிண்ணத்தில் பார்த்ததை இவர்கள் உயிருள்ள உடலில் பார்த்தார்கள். (இந்தத் துறையில் பயன்படும் ரீசஸ் குரங்குகளில் பெரும்பாலானவை இந்திய வம்சாவளி. 1978-ல் நாம் குரங்கு ஏற்றுமதியை நிறுத்துவதற்கு முன் போனவற்றின் பேரன் பேத்திகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

இப்படி எல்லோருடைய உடலும் முதலில் வைரஸை ஓரளவு அடக்குகிறது. பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பிடி நழுவுகிறது. ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவான சிலருக்கு நழுவுவதே இல்லை. மாத்திரை இல்லாமல், பல ஆண்டுகள், சாதாரணப் பரிசோதனையில் வைரஸே தெரியாத நிலையில் இருக்கிறார்கள். பாஸ்டனில் ப்ரூஸ் வாக்கர் இப்படிப்பட்டவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2010-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை, பிடி நழுவியவர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். மரபுத்தொகுதி முழுவதையும் சல்லடை போட்டுத் தேடியதில் வித்தியாசம் வந்து நின்ற இடம், நான் சொன்ன அந்த எச்.எல்.ஏ. தாங்கி. குறிப்பாக எச்.எல்.ஏ.-பி என்ற தாங்கியில், துணுக்கு போய் உட்காரும் பள்ளத்தில் உள்ள ஒருசில அமினோ அமிலங்கள். பி57, பி27 என்ற வகைகள் உள்ளவர்களுக்குச் சாதகம். பி35-ல் சில வகைகள் உள்ளவர்களுக்கு நோய் வேகமாக முற்றும்.

சரி, பி57 என்ன அதிசயம் செய்கிறது? அது வைரஸின் உள்கூட்டைக் கட்டும் புரதத்திலிருந்து துணுக்குகளை எடுத்துக் காட்டுகிறது. உள்கூடு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒரே மாதிரிப் புரதங்கள் அறுகோணங்களாகப் பின்னிக்கொண்டு நிற்கும் கூம்பு. எச்.ஐ.வி. தன் மேலுறையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும். தன்னைப் படியெடுக்கும்போது அத்தனை பிழை செய்வதால், தடுப்பு எழுந்த சில வாரங்களிலேயே வேறு முகத்தோடு நிற்கும். உள்கூட்டில் அந்த விளையாட்டு எளிதில்லை. அங்கே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் கூம்பு சரியாகக் கூடாது, வைரஸ் நொண்டும். பி57-க்குத் தப்பிக்க வைரஸ் அங்கே மாறத்தான் செய்கிறது. ஆனால் மாறிய வைரஸால் பழைய வேகத்தில் பெருக முடிவதில்லை. ஆக, குத்தூசி எந்த இடத்தில் படுகிறது என்பதே விஷயம்.

இதைக் கணக்குப் போட்டே காட்டியவர் வாக்கரின் குழுவைச் சேர்ந்த கௌரவ் கைஹா. 2019-ல் அவரும் சகாக்களும் வைரஸின் புரதங்களை ஒரு வலைப்பின்னலாக வரைந்து, எந்த அமினோ அமிலம் அதிகமான இணைப்புகளைத் தாங்கி நிற்கிறது என்று மதிப்பெண் போட்டார்கள். வைரஸை அடக்கி வைத்திருப்பவர்களின் டி செல்கள், அதிக மதிப்பெண் உள்ள துணுக்குகளைக் குறிவைத்திருந்தன. பி57 இல்லாமலே அடக்கியவர்களிடமும் இதுதான் தெரிந்தது. என் கணிப்பில், இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த தெளிவான விடை இது.

இன்னொரு விளக்கமும் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் பேராசிரியரான அரூப் சக்ரவர்த்தி, வாக்கரோடு சேர்ந்து 2010-ல் சொன்னது அது. டி செல்கள் மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸில் தேர்வாகின்றன. சொந்தத் துணுக்குகளைப் பார்த்துப் பாய்பவை அங்கேயே அழிக்கப்படும். பி57 தாங்கி காட்டக்கூடிய சொந்தத் துணுக்குகளின் வகைகள் குறைவு. எனவே அது உள்ளவர்களிடம் தேர்வு சற்றுத் தளர்வு. வைரஸ் லேசாக உருமாறி வந்தாலும் அடையாளம் காணும் டி செல்கள் அதிகம் தப்பி வெளியே வருகின்றன. இந்தத் தளர்வுக்கு ஒரு விலையும் இருக்கும் அல்லவா? சொந்த உடலையே தாக்கும் கோளாறுகளுக்கும் இடமுண்டு என்று அந்தக் கணக்கே சொல்கிறது. அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வருவதும் பி57-ன் ஓர் உட்பிரிவான 57:01 உள்ளவர்களுக்குத்தான். இந்தியாவில் அந்த வகை அரிதல்ல.

அப்படியென்றால் இந்த டி செல்களைத் தடுப்பூசியால் எழுப்பிவிடலாமே என்று தோன்றும். தோன்றியது. 2006 ஜனவரியில் சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஒரு தடுப்பூசியின் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. வலுவிழந்த அம்மைப்பால் வைரஸுக்குள், இந்தியாவில் பரவியிருக்கும் சி வகை எச்.ஐ.வி.யின் மரபணுக்களைப் பொருத்திய ஊசி. இந்தியாவின் தொற்றுகளில் மிகப் பெரும்பகுதி இந்த சி வகைதான். தொற்று இல்லாத சாதாரண மனிதர்கள், அந்தப் பெயரைச் சொன்னாலே வீட்டில் சண்டை வரும் காலத்தில், தாமாக வந்து கையை நீட்டினார்கள். ஊசி பாதுகாப்பானது என்று தெரிந்தது. டி செல்கள் எழுந்தன, ஆனால் பெரிய வீச்சில் எழவில்லை. பிறகு சென்னையிலும் புனேயிலும் வேறோர் ஊசியோடு சேர்த்துச் சோதித்தார்கள். பெரிய சோதனைக்கு அது போகவில்லை. இதற்கு நடுவே, 2007 செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து மோசமான செய்தி வந்துவிட்டது. மெர்க் நிறுவனத்தின் டி செல் தடுப்பூசி, சுமார் 3000 பேரிடம் சோதிக்கப்பட்டது, தொற்றைத் தடுக்கவில்லை. ஊசி போட்ட ஆண்களில் சிலருக்குத் தொற்றும் அபாயம் கூடியதாகக்கூடத் தெரிந்தது. சோதனையை நிறுத்தினார்கள். டி செல்கள் எழத்தான் செய்தன. வைரஸ் சுலபமாக மாற்றிக்கொள்ளும் இடங்களையும் சேர்த்தே அவை குறிவைத்தன.

கூட்டினால் போதும் என்ற இந்த நினைப்பு ஆய்வுக்கூடத்தில் மட்டும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடியும் லேகியமும் விற்காத கடை நம் தெருவில் உண்டா? எச்.ஐ.வி. உள்ளவர்களும் வாங்கிப் போகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இது: உசுப்பிவிடப்பட்ட சி.டி.4 அணுதான் எச்.ஐ.வி.க்கு மிகவும் பிடித்த இடம். அமைதியாக இருக்கும் அணுவில் அதனால் சரியாகப் பெருக முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மங்காபே என்ற குரங்கு இனம் காலங்காலமாக எஸ்.ஐ.வி.யோடு வாழ்கிறது. உடல் முழுக்க வைரஸ், நோய் இல்லை. அதன் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் கொந்தளிப்பதில்லை. கொந்தளிப்பு தணியாத மனித உடலில் டி செல்கள் சோர்ந்துபோகின்றன. எமரி பல்கலைக்கழகத்தில் ரஃபி அகமது எலிகளில் இந்தச் சோர்வை ஆராய்ந்தார். 2006-ல் எச்.ஐ.வி. நோயாளிகளின் டி செல்களிலும் பி.டி.-1 என்ற சோர்வுக் குறி மிகுந்திருப்பது தெரிந்தது. 2009-ல் அதே எமரியில் விஜயகுமார் வேலு, ராமாராவ் அமரா குழுவினர் குரங்குகளில் பி.டி.-1-ஐ அடைத்துப் பார்த்தார்கள். சோர்ந்த அணுக்கள் எழுந்தன, வைரஸ் குறைந்தது, குரங்குகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. புற்றுநோயில் இன்று அந்த அடைப்பு மருந்து சாதாரணமாகிவிட்டது. எச்.ஐ.வி.யில் இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

நம் அரசு 2004 ஏப்ரல் 1 அன்று இலவச ஏ.ஆர்.டி. திட்டத்தைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரம் சானட்டோரியமும் ஒன்று. மகத்தான காரியம், சந்தேகமில்லை. ஆனால் அன்று மாத்திரை கிடைக்க சி.டி.4 எண் 200-க்குக் கீழே போயிருக்க வேண்டும். முந்நூறு இருந்தால், போய்விட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள். பணம் குறைவு, மருந்து குறைவு, கொள்கை வகுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. உயிரியல் கண்ணோடு பார்த்தால்தான் மனம் பதைக்கிறது. சி.டி.4 என்ற உதவி அணுக்கள் முக்கால்வாசி அழியும் வரை காத்திருக்கச் சொன்னோம். அந்த உதவி இல்லாமல் சி.டி.8 அணுக்கள் நீடிக்காது. வைரஸை அடக்கியவர்களிடம் எச்.ஐ.வி.யை அறியும் சி.டி.4 உதவி அணுக்கள் வலுவாக இருப்பதை 1997-லேயே எரிக் ரோசன்பெர்க்கும் வாக்கரும் காட்டியிருந்தார்கள். வரம்பு பிறகு 350 ஆனது, 500 ஆனது. 2017-ல் எண் எதுவானாலும், தொற்று உறுதியானால் மருந்து என்றானது. இன்று ஏ.ஆர்.டி. சென்டரில் முக்கியமாகப் பார்ப்பது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பது. “சி.டி.4 எத்தனை?” என்ற கேள்வி பழைய ஆட்களின் கேள்வியாகிக்கொண்டிருக்கிறது.

மாத்திரையால் ஏன் முழுக்கக் குணமாவதில்லை என்று கேட்பீர்கள். அதற்கும் டி செல்தான் காரணம். வைரஸ் தன் மரபணுவை நினைவு சி.டி.4 அணுக்களின் மரபணுவுக்குள் செருகிவிட்டுப் படுத்துவிடுகிறது. அந்த அணு தூங்குகிறது, வைரஸும் தூங்குகிறது. வெளியே காட்ட மாதிரியே இல்லை. ராபர்ட் சிலிசியானோ போட்ட கணக்குப்படி, மருந்து எடுத்தாலும் இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகும். முழுக்கத் தீர எழுபது ஆண்டுக்கு மேல். 2020-ல் இதிலும் ஒரு புதுச் செய்தி வந்தது. வைரஸை நெடுங்காலம் அடக்கி வைத்திருந்தவர்களின் அணுக்களில், எச்.ஐ.வி. செருகியிருந்த இடங்கள் பெரும்பாலும் மரபுத்தொகுதியின் பயன்படாத பகுதிகள். அங்கிருந்து எழுந்து வருவது மிகக் கடினம். நல்ல இடங்களில் உட்கார்ந்தவை அவ்வப்போது விழித்து மாதிரியைக் காட்ட, சி.டி.8 அணுக்கள் ஆண்டுக்கணக்காக அவற்றை ஒவ்வொன்றாகக் களைந்துவிட்டன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கலிஃபோர்னியாவில் லோரீன் வில்லன்பெர்க் என்ற பெண்மணிக்கு 1992-ல் தொற்று. நூற்றைம்பது கோடிக்கு மேற்பட்ட அணுக்களில் தேடியும் பெருகும் திறனுள்ள ஒரு வைரஸைக்கூட அவரிடம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த உள்கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை மிச்சமிருக்கிறது. பி57 குறிவைக்கும் அதே கூம்புப் புரதத்தை வேறொரு வழியில் பிடிக்கும் மருந்து லெனகாபவிர். 2022-ல் சிகிச்சைக்கும், 2025-ல் தடுப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. தென்னாப்பிரிக்கா, உகாண்டா இளம்பெண்களிடம் நடந்த சோதனையில், ஊசி போட்டுக்கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இந்திய கம்பெனிகள் சில அதன் மலிவுப் பதிப்பைத் தயாரிக்க உரிமம் வாங்கியிருக்கின்றன. பேரூர்க்கடையில் 1969 முதல் ஆணுறை தயாரிக்கும் நகரத்தில் இருந்துகொண்டு, தடுப்பைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

போன கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்ட கேள்விக்கு அன்று நேரமில்லாமல் போனது. “டாக்டர், நானும் அந்த நூற்றில் ஒருவராக இருந்தால்? மாத்திரையை நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும்?” அவர் இன்றும் வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஐயா, 33 நாடுகளில் 5472 பேரை வைத்து ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். சி.டி.4 எண் நன்றாக இருப்பவர்களுக்கு மருந்தை நிறுத்தலாம், இறங்கினால் திரும்பத் தொடங்கலாம் என்று ஒரு பாதிப் பேருக்குச் செய்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களிடையே சாவு கூடுதல். எய்ட்ஸ் நோய்கள் மட்டுமல்ல, மாரடைப்பும் சிறுநீரகக் கோளாறும்கூட. சோதனையைப் பாதியில் நிறுத்தி எல்லோருக்கும் மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள். 2017-க்குப் பிறகு இந்தியாவில் தொற்று உறுதியான உடனே மருந்து தொடங்கிவிடுவதால், அந்த நூற்றில் ஒருவர் யார் என்பது எங்களுக்கும் தெரியவராமலே போகிறது. ஆராய்ச்சிக்காரனாக எனக்கு அதில் நஷ்டம்தான். அந்த நஷ்டம் இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் இன்று இரவு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.